கீழ்வீட்டுக் குளிர்

"அப்பா, கீழ யாரோ தடவுறாங்க."

எக்லே இதைச் சொன்னபோது கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. சமையலறையில் எக்லேவின் அம்மா மில்டா உருளைக்கிழங்கைத் துருவி அடுப்பில் வைத்திருந்தாள். பன்றிக்கொழுப்பு முறுகும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து அறையெங்கும் படிந்திருந்தது. அர்வீதாஸ் மகளுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு படுத்துக்கொண்டு, புது ஓக் பலகைகளின் இளஞ்சூடு முதுகுக்குள் இறங்குவதை ரசித்துக்கொண்டிருந்தான்.

அவனும் காதை வைத்துப் பார்த்தான். முதலில் தன் ரத்தத்தின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில், பலகைக்கும் பசைக்கும் சிமென்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில், காய்ந்த எதுவோ காய்ந்த இன்னொன்றின்மேல் உராய்ந்து நகர்வது கேட்டது. சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அது. ஓர் இழுப்பு. நின்றது. மறுபடி ஓர் இழுப்பு. எக்லே சிரித்துக்கொண்டே அறையின் மறுகோடிக்கு உருண்டு போனாள். சத்தமும் அவளுக்கு அடியிலேயே, அவசரப்படாமல், மறுகோடிக்குப் போனது.

"குழாய்மா அது. சூடு ஏறினா குழாய் கொஞ்சம் நீளும்."

"குழாய்க்குக் கை இருக்குமா?"

"இருக்காது. எழுந்திரு, சாப்பிடப் போலாம்."

அந்தத் தரை அவனுடைய பெருமை. ஒவ்வொரு குளிர்காலமும் எக்லேவுக்கு நெஞ்சில் கோழை கட்டி, மூச்சு விசிலடித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்த அலைச்சலுக்குப் பிறகு, இந்த ஆகஸ்டில் அவனும் மில்டாவின் அண்ணன் கேஸ்தாஸும் சேர்ந்து கூடத்துத் தரையைப் பெயர்த்தார்கள். வெந்நீர் ஓடி அந்த அறையைச் சுடவைத்த பழைய ரேடியேட்டரைக் கழற்றி எறிந்தார்கள். நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி மெல்லிய குழாய்களைப் பதித்து மேலே சிமென்ட்டை ஊற்றினார்கள். அது காயும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, கடன் வாங்கிய கருவியை வைத்து ஈரம் பார்த்தார்கள். ஓக் பலகைகளைக் கட்டோடு அறையிலேயே போட்டு, வீட்டுக் காற்றுக்குப் பழகவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு பலகையாகப் பசை தடவி, காற்று நிற்க இடமில்லாமல் சிமென்ட்டோடு அழுத்தி ஒட்டினார்கள். நடுவில் காற்று நின்றால் சூடு மேலே வராது.

"மரம் சூட்டைத் தாங்கிக்கும் மாப்ளே," என்று சொல்லியிருந்தான் கேஸ்தாஸ். அவன் குழாய் வேலைக்காரன். "திடீர்னு மாத்தினாத்தான் தாங்காது. ஏத்தறதும் இறக்கறதும் மெல்ல மெல்ல. சட்டுன்னு அணைச்சேன்னு வை, சுருங்கிப் பிளந்துடும். அப்புறம் என்னைக் கூப்பிடாத."

பெருமைக்கு அடியில் இன்னொன்றும் ஒட்டிக்கிடந்தது. குழாயில் ஓடிய வெந்நீர் அவர்களுடையதல்ல. அந்த ஐந்து மாடிக் கட்டிடம் முழுவதற்கும் நகரத்துக் கொதிகலனிலிருந்து வரும் தண்ணீர், முதலில் மொட்டைமாடிக்கு ஏறி, அங்கிருந்து ஒரே குழாயில் வீடு வீடாக ரேடியேட்டர்களைச் சுடவைத்துக்கொண்டு கீழே இறங்கும். அதில் தரையை இணைக்கக் கூடாது. எல்லா வீட்டுக்காரர்களும் ஏரிக்கும் தோட்டத்துக்கும் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் கேஸ்தாஸ் இணைத்தான். வால்வை வாசல் பக்கம் சுவரோரச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தான்.

"ஊருக்கே ஓடுற தண்ணிதானே மாப்ளே. உன் வீட்டுல ஒரு சுத்து சுத்திட்டுப் போகட்டுமே. யாரு கண்டா?"

அப்படி இணைப்பது குற்றம் என்று மாடிப்படிச் சுவரில் அறிவிப்பு ஒட்டியவனே அர்வீதாஸ்தான். வசந்தத்தில் குடியிருப்பவர்கள் கூடி அவனைத்தான் கட்டிடப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அவன் வீடு முதல் மாடியில். அவன் தரையைச் சுற்றிவிட்டு, சூட்டையெல்லாம் ஓக்குக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் இறங்கும் தண்ணீருக்குக் கீழே மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு.

அந்த வீட்டுக்காரி ப்ரோனே இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் தட்டினாள். எழுபதைத் தாண்டியவள். வேலை பார்த்த காலம் முழுவதும் கௌனாஸ் நகரத்து நாடகக் கொட்டகையில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் வேலை. யாரிடம் பேசினாலும் தாழ்ந்த குரல்தான், உள்ளே நாடகம் நடந்துகொண்டிருப்பது போல. வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தாள், ஆனால் கோட்டு போட்டிருந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி. என் ரேடியேட்டர் சரியா சுடல. போன வருஷம் கை வெக்க முடியாது. இப்ப பூனை மூக்கு மாதிரி இருக்கு. நீங்கதானே பொறுப்பு, அதான் உங்ககிட்ட…"

"காத்து அடைச்சிருக்கும்மா. சீசன் ஆரம்பத்துல அப்படித்தான்." அவன் குரல் அவனுக்கே வழவழவென்று கேட்டது. "வெப்பக் கம்பெனிக்குச் சொல்றேன்."

"சொல்லுங்க தம்பி. அவசரமில்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் கொண்டுவந்திருந்த ஊறவைத்த காளான் பாட்டிலைக் கொடுக்க ஓர் அடி உள்ளே வைத்தாள். அப்படியே நின்றாள். கம்பளிக் காலுறைக்குள் அவளுடைய விரல்கள் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தன.

"தரை சுடுதே."

அர்வீதாஸ் வாயைத் திறப்பதற்குள் மில்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கரன்ட்ல ஓடுதும்மா. அடியில ஒயர் போட்டிருக்கோம். பில்லைப் பார்த்தாத்தான் வயித்தைக் கலக்குது."

"குழந்தைக்கு நல்லதுதான்," என்றாள் ப்ரோனே. இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். பேச எதுவும் இல்லாமல், சும்மா, கால்களை நகர்த்தாமல் நின்றாள். பிறகு தான் நிற்பது தனக்கே உறைத்தது போல முகம் சிவந்து, மறுபடி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அவன் மில்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

"மூடிடலாம்," என்றான் கடைசியில்.

"மூடு. மரம் பிளக்கட்டும். அந்தக் குளிர்ல உன் பொண்ணைக் கிடத்து. அவ மூச்சு விசிலடிக்கறப்ப பக்கத்துல உக்காந்து எண்ணு."

"கீழ அந்த அம்மா…"

"கம்பெனிக்குச் சொல்றேன்னியே, சொல்லு."

சொன்னால் ஆள் வருவான். வந்தால் முதலில் பார்ப்பது மேல்வீட்டைத்தான். அவன் சொல்லவில்லை. மாடிப்படியில் ப்ரோனேவின் காலடி கேட்டால், அது கீழே போய்ச் சேரும்வரை கதவுக்கு உட்புறம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டான்.

டிசம்பரில் அந்தத் தடவல் அன்றாடம் ஆனது. எக்லே கூடத்தில் விளையாடும் நேரமெல்லாம் அது கேட்டது. அவள் ஓடினால் வேகமாக, அவள் உட்கார்ந்தால் ஒரே இடத்தில் வட்டமாக. மில்டா வானொலியைச் சத்தமாக வைத்தாள். ஒரு மாலை அவனால் பொறுக்க முடியவில்லை. கம்பெனிக்காரன் வரும் தேதி இன்னும் தெரியவில்லை என்று ஒரு பொய்யை வழியிலேயே தயாரித்துக்கொண்டு கீழே போனான்.

கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை, கற்பூர எண்ணெய் வாசனை, அவற்றுக்கும் அடியில் குளிருக்கென்றே இருக்கும் இரும்பு வாசனை. அவன் மூச்சு புகையாக வெளியே வந்தது. வராந்தா விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது: பெரிய துணி அலமாரி சுவரோரத்திலிருந்து அறை நடுவுக்கு இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஏணி. அலமாரியின் தலையில், கூரைக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்த ஒன்றரை முழ உயர இடுக்கில், போர்வைக் குவியல் ஒன்று. குவியலிலிருந்து ஒரு வெறுங்கை மேலே நீண்டு, கூரைச் சுண்ணாம்பின்மேல் உள்ளங்கையைப் பரப்பி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றான்.

கை சட்டென்று போர்வைக்குள் போனது.

"யாரு, தம்பியா? ஐயோ, பாக்காதீங்க." இருட்டிலிருந்து அந்தக் கொட்டகைக் குரல். "கிறுக்கச்சின்னு நினைப்பீங்க. மேல கொஞ்சம் சூடா இருக்கு, அதான். கூரையிலேயே சூடு வருது. உங்க கரன்ட்டுதான் கசியுது போல. திருடறேன்னு நினைச்சுக்காதீங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"குழந்தை நடக்கறது கைக்குத் தெரியும். அவ எங்க படுத்தாலும் அந்த இடம் இன்னும் கொஞ்சம் சூடாகும். நிஜமாத்தான். சின்ன உடம்புல எவ்வளவு சூடு பாருங்க."

"எங்கிட்ட பழைய ஹீட்டர் ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கொண்டுவந்து தரேன்."

"வேணாம் தம்பி. சரி, கொண்டுவாங்க."

அது நிலவறையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு படியேறினால் யாராவது எதிரே வருவார்கள். யாருக்கு என்பார்கள். ப்ரோனே வீட்டில் ஏன் சுடவில்லை என்று கேட்பார்கள். இரண்டாம் மாடி ஸிக்மாஸ் ஓய்வு பெற்றவர். எதிலும் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தே தீருவார். நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். கிறிஸ்துமஸ் வந்து போனது.

ஜனவரியில் நெமுனாஸ் ஆறு கரையோடு கரை உறைந்தது. மில்டாவின் பெற்றோர் வீட்டுக்கு மூன்று பேரும் சில நாள் போனார்கள். புறப்படும்போது அவன் வால்வுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஆளில்லாத வீடு, மூடலாம், கீழே சூடு போகும். கையை வைத்தான். பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்த பலகைகளைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது கூடம் வெதுவெதுப்பாக, மெழுகு வாசனையோடு காத்திருந்தது. எக்லே ஓடிப்போய்ப் படுத்துக் காதை வைத்தாள்.

"தூங்கறாங்க போல," என்றாள்.

அவனும் வைத்தான். ஒன்றுமில்லை. அந்த நிசப்தத்தில் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவன் அடையாளம் கண்டுகொண்டபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கீழே போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. கடைசியில் ப்ரோனே கதவைத் திறக்கவில்லை என்று தபால்காரிதான் ஸிக்மாஸிடம் சொல்லி, ஸிக்மாஸ் போலீஸுக்குச் சொல்லி, பொறுப்பாளர் என்பதால் மாற்றுச் சாவியோடு அவனைக் கூப்பிட்டார்கள்.

அலமாரி மேல் மல்லாந்து கிடந்தாள். மூன்று கோட்டு போட்டிருந்தாள். கைகள் இரண்டும் மேலே தூக்கி, முழங்கை மடங்காமல், உள்ளங்கைகள் கூரையில் பதிந்திருந்தன. கூரையை அவள்தான் தாங்கிக்கொண்டிருப்பது போல. முகம் பக்கவாட்டில் திரும்பி, அதுவும் மேல்நோக்கியே நீண்டு, ஒரு கன்னம் சுண்ணாம்பைத் தொட எட்டாமல் நின்றிருந்தது. உடலைத் தூக்க வந்தவர்கள் கைகளைப் பிரித்தபோது காகிதம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் மாரடைப்பு என்றார். இளம் போலீஸ்காரன் ரேடியேட்டரில் கையை வைத்து உடனே எடுத்தான்.

"நீங்கதானே பொறுப்பாளர்? சூடு வரலன்னு இந்தம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

ஸிக்மாஸ் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இல்லை," என்றான் அர்வீதாஸ். "எதுவும் சொல்லல."

"பாவம், யாருக்கும் தொந்தரவு குடுக்காத பொம்பள," என்றார் ஸிக்மாஸ்.

புதைத்துவிட்டு வந்த வாரத்தில் அவன் வெறுங்காலோடு கூடத்தைக் கடந்தபோது பாதத்தின் நடுவில் ஊசி குத்தியது போல இருந்தது. குனிந்து தொட்டான். உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம், ஜன்னல் கண்ணாடி போலச் சில்லிட்டிருந்தது. சுற்றிலும் சூடு. இரண்டு சாண் தள்ளி அதே அளவில் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நேர் கீழே அலமாரி இருந்த இடம் என்று யோசிக்காமலே தெரிந்தது.

கேஸ்தாஸ் வந்து பார்த்தான். "குழாய்ல காத்து மாட்டியிருக்கு மாப்ளே," என்று காற்றுத் திருகைத் திறந்துவிட்டான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, காற்று இல்லை. குளிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காபி வேண்டாம் என்றான். வாசலில் நின்று பூட்சை மாட்டும்போது, "கீழ் வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டான்.

"யாரும் இல்ல."

"ம்."

அதற்குப் பிறகு கேஸ்தாஸ் போனை எடுக்கவில்லை.

மறுநாள் அந்த இரண்டு இடங்களும் அங்கே இல்லை. சோபாவுக்கு அடியில் இருந்தன. அதற்கடுத்த நாள் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில். அவை எங்கே தங்கினாலும் அங்கே பலகை சுருங்கி, ஒன்றோடொன்று பிரிந்து, நடுவில் கறுத்த கீற்று விழுந்தது. அந்தக் கீற்றில் விரலை வைத்தால் உள்ளிருந்து கற்பூர எண்ணெய் வாசனை வந்தது. மில்டா எல்லோருக்கும் தடித்த செருப்பு வாங்கிவந்தாள். கம்பளம் விரித்தாள். இரவு படுக்கையில் அவன் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பேசாத அர்வி. பேசினா நான் ஸிக்மாஸ்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன். என்னைச் சொல்ல வெக்காத."

எக்லே மட்டும் பயப்படவில்லை. கம்பளத்தை விலக்கிவிட்டு அந்தச் சில்லிட்ட இரண்டு இடங்களின்மேல் தன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "என் கை சூடு அவங்களுக்குப் போகுது," என்பாள். கையை எடுக்கும்போது விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருக்கும்.

அந்த நீல நுனிகளைப் பார்த்துத்தான் ஒரு நாள் அவன் முடிவு செய்தான். பிப்ரவரி, வெளியே பனி இறுகி, நடந்தால் கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தம் கேட்ட காலை. மில்டா மருந்துக்கடை வேலைக்குப் போயாயிற்று. இரவு எட்டு மணிக்குத்தான் வருவாள். எக்லேவை மழலைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, சுவரோரச் சட்டத்தைப் பெயர்த்து எறிந்து, வால்வை இறுக்கி மூடினான். மரம் பிளக்கட்டும். கடைசிவரை திருகியபோது மாதக்கணக்கில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. தண்ணீர் கீழே போகட்டும். ப்ரோனேவுடைய ரேடியேட்டர் சுடட்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

மாலையில் மகளை அழைத்துக்கொண்டு திரும்பியபோது கூடம் வெளியைப் போலவே குளிர்ந்திருந்தது. ஜன்னலின் உட்புறம் பனி பூத்திருந்தது. பலகைகள் சுருங்கிக்கொண்டிருந்தன, சுவரிலிருந்து சுவருக்கு ஒரு வெடிப்பொலி நீளமாக ஓடியது, இளவெயிலில் ஆற்றுப் பனிக்கட்டி விரிசல் விடுவது போல.

"கோட்டைக் கழட்டாத. இங்கேயே நில்லு. பால் சுடவெச்சுக் கொண்டுவரேன்."

சமையலறையில் ரேடியேட்டர் சுட்டது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி பால் பொங்குவதற்காக நின்றிருந்தான். கூடத்தில் மறுபடி ஒரு வெடிப்பு. இன்னொன்று. பிறகு உராய்வு.

கீழே இல்லை. கான்கிரீட்டுக்கு அடியில் இல்லை. மிக அருகில். சிமென்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில். ஒரு தாள்கூட நுழைய இடமில்லாத இடத்தில்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அந்தச் சூட்டில்தான் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தச் சூடே போதுமென்றிருந்தது. அந்தச் சூட்டை இன்று அவன் நிறுத்திவிட்டான். இப்போது அந்த அறையில் சூடாக இருப்பது ஒன்றே ஒன்று.

ஓடினான்.

எக்லே அறை நடுவில் குப்புறக் கிடந்தாள். கன்னம் மரத்தில். கைகள் விரிந்து மரத்தில். அவளைச் சுற்றிப் பலகைகள் உப்பியிருந்தன. நீளமாக. போர்வைக்குள் ஆள் படுத்திருப்பது போல.

"எக்லே."

"அவங்களுக்கு ரொம்பக் குளிருதாம்பா." தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலச் சொன்னாள். வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை.

மண்டியிட்டான். இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. மறுபடி இழுத்தான். அவள் முனகினாள். உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. பனிக்காலத்தில் இரும்பில் ஈரக்கை ஒட்டுவது போல. இழுத்தால் தோல் வரும். காகிதம் கிழிகிற சத்தம் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டான்.

வெந்நீர் வேண்டும். ஒருவர் ஊற்ற வேண்டும். ஒருவர் தூக்க வேண்டும். இன்னொரு ஆள் வேண்டும்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"என்னப்பா அர்வீதாஸ்." ஸிக்மாஸின் குரல். "உன் வீட்டுல என்னமோ உடையற மாதிரி கேக்குது. குழாயா? கதவத் திற, கூட ஒரு கை குடுக்கறேன்."

அவன் எழுந்தான். வாசலுக்குப் போனான். தாழ்ப்பாளில் கையை வைத்தான். பெயர்த்தெறிந்த சட்டம் காலடியில் கிடந்தது. அதற்குப் பின்னால் வால்வு. கட்டிடத்தின் குழாயிலிருந்து தன் தரைக்குப் போகும் இணைப்பு, கேஸ்தாஸின் பித்தளை முடிச்சோடு, வாசல் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"ஏம்ப்பா, இருக்கியா?" என்றார் ஸிக்மாஸ்.

"ஒண்ணுமில்லைங்க." குரல் வழவழவென்று வந்தது. "குழந்தை விளையாடுது."

"அப்ப சரி. வீடு சூடா இருக்குல்ல?"

"இருக்கு."

காலடிகள் மேலே ஏறின. ஒரு கதவு சாத்தியது. சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை.

வால்வைத் திறந்தான். குழாய்க்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது. மரம் சூடாக மணிக்கணக்கு ஆகும்.

திரும்பினான்.

எக்லே கண்ணை மூடியிருந்தாள். அவளைச் சுற்றி மரத்தின்மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பூத்தது ஒரு வடிவத்தில். அவளுடைய இரண்டு பக்கமும், தோளிலிருந்து விரல்வரை, இரண்டு நீண்ட கைகள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் விரல்கள் பலகையை விட்டு எழுந்தன. எக்லேவின் சிவப்புக் கோட்டின் விளிம்பைத் தொட்டன. ஏறின. மெல்ல, ஒவ்வொன்றாக, சின்ன முதுகின்மேல் வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.